அம்மா எறிந்த பறவை

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. வாக்கியம் என்னுடையது அல்ல, என் அக்காவுடையது. சிமெண்டு ஆலையின் முன் அலுவலகத்தில் தரை துடைக்கிறாள் அவள். ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், உள்ளேகூட வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாள்:

"டேய், அப்பா ஆபீஸ்ல தொங்குறாருடா."

அப்பா செத்துப்போய் ஆறு வருஷம் ஆகிறது.

எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வாக்கியம் கிடைத்தால் வாயில் எச்சில் ஊறும். எனக்கும் ஊறியது. (பகலில் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்குகிறேன். மற்ற நேரத்தில் எழுதுகிறேன். அடிக்குறிப்பு போடும் அளவுக்குப் பெரிய எழுத்தாளன் இல்லை என்பதால், சொல்ல வேண்டியதை இப்படி அடைப்புக்குறிக்குள் சொல்லிக்கொண்டே போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

தொங்கியது ஒரு படம். கறுப்பு மையில் அச்சிட்டது, கண்ணாடி போட்டது, மேலிருந்து தனியாக ஒரு விளக்கு. அக்கா தன் போனில் பிடித்து வந்திருந்தாள். கால்வாய். படகு. படகில் துணி போர்த்திய ஓர் உடல். துணி போதாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாதங்கள். சுற்றிலும் ஆட்கள். பின்பக்கம் ஒரு பெண் எழுந்து நிற்கிறாள், ஒரு கையை உயரத் தூக்கியபடி. அந்தக் கைக்குச் சற்று மேலே வானத்தில் சின்னதாக ஒரு பறவை. சுற்றிலும் மூடுபனி. அடியில் பித்தளைத் தகட்டில் படத்தின் பெயர்: "விடுதலை."

"அந்தக் கால் யாரோடது? சொல்லு," என்றாள் அக்கா.

சொல்ல வேண்டியதே இல்லை. எந்தப் போர்வைக்கும் அடங்காத கால் அது. குந்தி உட்கார்ந்திருக்கும் வழுக்கைத் தலை சித்தப்பா. என்ஜினின் நசுங்கிய மூடிகூட அப்படியே இருந்தது.

போனை அம்மாவிடம் காட்டினோம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எல்லாம் இருக்கு. கேட் எங்க?" என்றாள்.

"கேட் இல்லம்மா. பனிதான் இருக்கு."

"கேட் இல்லாம நான் எங்க எறியறேன்? கிறுக்கி மாதிரி வானத்தைப் பாத்தா?"

"எறியலையாம். நீ பறவையைப் பறக்க விடுறியாம். ஆபீஸ்ல சொல்லிக்கிறாங்க," என்றாள் அக்கா.

"பறவையா! புதுச் செருப்புடி அது!"

2

எழுத உட்கார்ந்தேன்.

"பனி மூடிய நீரின் மேல் ஒரு படகு மெல்ல—"

அடித்துவிட்டேன். அன்றைக்குப் பனி இல்லை. உச்சி வெயில். படகும் மெல்லப் போகவில்லை, நின்றுபோய்விட்டது.

"மரணம் என்பது ஒரு—"

சீ.

"ஆயுள் முழுக்க மூட்டை சுமந்த தோளில் சிமெண்டு ஏறியிருந்த விதம்—"

இதை முடித்திருந்தால் நாலு பேர் பாராட்டியிருப்பார்கள். உழைத்து உழைத்துத் தேய்ந்த அப்பா என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். தொண்டை அடைக்கும், அதோடு சாப்பிடப் போய்விடலாம். ஆனால் அப்பாவின் தோளை எழுதத் தொடங்கினால் நானும் இரும்புக் கதவை மறந்துவிடுவேன். அந்தப் படத்தில் நடந்தது அதுதான். அதனால் கதவிலிருந்தே தொடங்குகிறேன்.

3

எங்கள் குடியிருப்புக்கும் இடுகாட்டுக்கும் நடுவில் ஆலை. பாதை ஆலை வளாகத்துக்குள் புகுந்துதான் போகும். ஆலை வருவதற்கு முந்திய பாதை என்பதால் யார் செத்தாலும் அந்த வழியாகத்தான். பிணம் வந்தால் காவலாளி தொப்பியைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறப்பார்.

அப்பா அந்த ஆலையின் சுமைதூக்கி. அவர் செத்த மறுநாள் ஆலையைப் பார்வையிடப் பெரிய வாடிக்கையாளர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் நடக்கும் வழியில் பிணம் குறுக்கே வரக்கூடாது. கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கங்கம்மா, மேலேருந்து சொல்லிட்டாங்க," என்றார் காவலாளி. அப்பாவோடு ஒன்றாகச் சாப்பிட்டவர். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த வெயிலில் சாயங்காலம் வரைக்கும் பொறுக்க எங்களால் முடியும். அப்பாவால் முடியாது. அந்த வாசனை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. சித்தப்பா போய் மணல் ஏற்றும் படகு ஒன்றைப் பிடித்து வந்தார். கால்வாய் வழியாக ஆலையைச் சுற்றிக்கொண்டு இடுகாட்டுக்குப் பின்புறம் இறக்கிவிடலாம். படகில் ஈர மணல் அப்படியே கிடந்தது. அதன் மேலேயே கிடத்தினோம்.

கதவுக்கு நேர் எதிரே வந்ததும் என்ஜின் நின்றது.

(கதைக்காக நான் நிறுத்தியதல்ல. உண்மையிலேயே அங்கேதான் நின்றது. கதைக்காக என்றால் இவ்வளவு வசதியான இடத்தில் நிறுத்த வெட்கப்பட்டிருப்பேன்.)

சித்தப்பா கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். எண்ணெய் வழியும் கையோடு, "அண்ணன் உசுரோட இருந்தப்பவே எங்கயும் நேரத்துக்குப் போனவர் இல்ல," என்றார். சிரித்துவிட்டோம். நானும் சிரித்தேன். படகில் பிணத்தை வைத்துக்கொண்டு அத்தனை பேரும் சிரித்தோம். அம்மா மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பிகளுக்கு அந்தப்பக்கம் வெள்ளைத் தலைக்கவசம் போட்ட ஆட்கள் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா எழுந்து நின்றாள். படகு ஆடியது.

"அண்ணி, உக்காருங்க! கவுந்துரும்!"

"கவுரட்டும்! உள்ளேருந்து வெளிய போன மூட்டையெல்லாம் யார் தோள்லடா போச்சு? அந்த ஆளு ஒருதடவை குறுக்க போகக் கூடாதா? திறங்கடா!"

யாரும் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி குடித்தார். அம்மா செருப்பைக் கழற்றி வீசினாள். கதவுவரை போகவில்லை. தண்ணீரில் விழுந்தது. அடுத்ததைக் கழற்றுவதற்குள் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டார். ஒற்றைச் செருப்போடு இடுகாட்டுக்கு வந்தாள் அம்மா.

எதிர்க்கரையில் குடை பிடித்து ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் அட்டை, கையில் பென்சில். நில அளவைக்கு வந்தவள் என்று நினைத்தோம். "பாருடா, நம்மளையும் அளக்குறாங்க," என்றார் சித்தப்பா.

4

அவளைத் தேடிப் போனோம், நானும் அக்காவும். படத்தின் பின்னால் ஒட்டியிருந்த முகவரியை அக்கா, தூசு தட்டுகிற சாக்கில், பார்த்து வைத்திருந்தாள். அக்கா அவளுக்கு வைத்த பெயர் தகட்டுக்காரி. எனக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றவில்லை.

இந்தத் தகட்டுக்காரியைக் கெட்டவளாக எழுதத்தான் முதலில் முயன்றேன். பெரிய வீடு, குளிர்சாதனம், மெல்லிய ஆங்கிலச் சிரிப்பு என்று ஒரு பத்தி தயாராகவும் இருந்தது. கிழிக்க வேண்டியதாயிற்று. சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறை. ஒற்றை ஜன்னல். கப்பல் சக்கரம் போலப் பெரிய பிடிச்சக்கரம் வைத்த ஓர் அச்சு இயந்திரம். ஜன்னலோரம் அமிலத் தட்டு. வாசலிலேயே மூக்கு எரிந்தது. அவளுடைய விரல்நுனிகள் அமிலம் பட்டு மஞ்சளாகியிருந்தன. பேச்சுக்கு நடுவே இருமினாள். சிமெண்டுத் தூசியில் அப்பா இருமிய மாதிரியே.

கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். என் கோபத்துக்கு ஓர் ஆள் கிடைத்திருப்பாள்.

(அவள் செய்வது எட்சிங். செப்புத் தகட்டின் மேல் மெழுகும் தாரும் கலந்த பூச்சைத் தடவ வேண்டும். அதில் ஊசியால் கீறிப் படம் வரைய வேண்டும். தகட்டை அமிலத்தில் போட்டால் பூச்சு உள்ள இடத்தை அமிலம் தொடாது, கீறிய இடத்தை மட்டும் அரிக்கும். எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு ஆழம். எவ்வளவு ஆழமோ அவ்வளவு கறுப்பு. பிறகு பூச்சைத் துடைத்து, மையை ஏற்றி, காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். இவ்வளவுதான். அமிலத்துக்கு அழகு தெரியாது, நேரம்தான் கணக்கு.)

"அந்தப் படகுல இருந்தது எங்கப்பா," என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். அக்கா உட்காரவில்லை.

"கேட் எங்கம்மா?" என்று நேராகக் கேட்டாள் அக்கா.

தகட்டுக்காரி தட்டையான ஒரு பெட்டியின் அடித்தட்டை இழுத்து, ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தாள். "இது முதல் அச்சு. ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன்," என்றாள்.

கதவு இருந்தது. கன்னங்கரேலென்று இருந்தது. படகு, கால்வாய், கரை எல்லாம் மெல்லிய கோடுகளாக இருக்க, கதவு மட்டும் காகிதத்தைப் பொத்துக்கொண்டு வந்துவிடும் போல நின்றது. கம்பியும் கம்பியும் ஒட்டிப்போய், மை பிதுங்கி வழிந்திருந்தது.

"கேட்டை மட்டும் கடைசியா அமிலத்துல விட்டிருந்தேன். போன் வந்துச்சு. பேசிட்டு வர்றதுக்குள்ள ரொம்ப அரிச்சிருச்சு," என்றாள். "அச்செடுத்தா கேட்டுதான் கண்ணுல அறையுது. படகே தெரியல."

"படகு தெரியணும்னு?"

"ஆமாக்கா. அப்பா தெரியணும்னுதான். சுரண்டி எடுத்தேன். கத்தி மாதிரி ஒண்ணு இருக்கு, அதால சுரண்டி, வழவழன்னு தேய்ச்சு. என்ன தேய்ச்சாலும் செம்பு பழைய மாதிரி ஆகாது. கொஞ்சம் மை அதுல நின்னுக்கிட்டே இருக்கும். சாம்பலா ஒரு கறை விழும்."

"அந்தக் கறைதான் பனியா?" என்றேன்.

"பனின்னு நான் சொல்லல. பாத்தவங்க சொன்னாங்க."

"பறவைன்னு யார் சொன்னது?" என்றாள் அக்கா.

"அதுவும் அவங்கதான்." காகிதத்தின் ஓரத்தை நீவிவிட்டபடி, "அப்படி இல்லைன்னு நானும் சொல்லாம விட்டுட்டேன்," என்றாள்.

5

கதை இந்த இடத்தில் நகராமல் நிற்கிறது. நிற்கட்டும். எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அம்மாவின் கையில் அவள் ஒரு கோடும் மாற்றவில்லை. தூக்கிய கை அதே கை. விரல்கள் விரிந்த விதம் அதே விதம். எதிரில் இருந்த கதவை எடுத்தாள், அவ்வளவுதான். கதவு போனதும் வசவு பிரார்த்தனை ஆகிவிட்டது. செருப்புக்கு இறக்கை முளைத்துவிட்டது. திறங்கடா என்று கத்திய வாய், வானத்தைப் பார்த்துப் பாடும் வாயாகிவிட்டது. ஏழைகள் எவ்வளவு அமைதியாக, எவ்வளவு கம்பீரமாகத் துக்கப்படுகிறார்கள் என்று படத்தின் முன்னால் நின்று ஒருவர் சொன்னாராம். பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற அக்கா காதால் கேட்டது.

எங்களை யாரும் பொய்யாக வரைவதில்லை. எங்களுக்கு எதிரில் நிற்பதை மட்டும் அழித்துவிடுகிறார்கள்.

(இன்னொன்று. எட்சிங்கில் படம் இடவலம் மாறித்தான் அச்சாகும். பார்த்ததை அப்படியே தகட்டில் வரைந்துவிட்டதால், அச்சில் படகு எதிர்த்திசையில் போகிறது. அதாவது இடுகாட்டுக்கு அல்ல, எங்கள் வீட்டுப் பக்கம். இதை வைத்து ஒரு முடிவு எழுதலாம்: அப்பா வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார். அழகாக இருக்கும். அழகாக இருக்கும் என்பதாலேயே வேண்டாம்.)

நானும் இதே வேலையைத்தான் செய்யக்கூடும். அதனால்தான் இந்தக் கதையில் கிழித்ததையும் அடித்ததையும் உங்கள் கண்ணில் படும்படி விட்டிருக்கிறேன். தேய்த்து வழவழப்பாக்கினால் அங்கேயும் பனி படியும்.

6

"சரி, ஆனது ஆச்சு. இனிமே எடுக்கறதுல கேட்டைப் போட்டுருங்க," என்றாள் அக்கா.

தகட்டுக்காரி பிடிச்சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இனி எடுக்கவேண்டிய மீதி அச்சு எல்லாத்தையும் ஆலையே கேட்டிருக்கு."

"எல்லாம் அந்த ஒரு சுவத்துல மாட்டவா?"

"இல்லக்கா. வாடிக்கையாளருங்க வரும்போது பரிசு குடுக்க."

கீழே கடையில் யாரோ சக்கரத்தைச் சுற்றிவிட்டிருந்தார்கள். அது சுற்றி ஓய்ந்தது.

யார் கண்ணில் படக்கூடாதென்று கதவைப் பூட்டினார்களோ, அவர்கள் கையிலேயே அதைப் பரிசாகக் கொடுக்கப் போகிறார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் எங்கப்பாவின் கால். எங்கம்மாவின் விடுதலை.

"கேட்டைப் போட்டா வாங்குவாங்களா?" என்றேன்.

"வாங்க மாட்டாங்க. இந்த அறைக்கு வாடகையே அந்த வேலையை நம்பித்தான். உங்களுக்குக் கோபம் வரும். ஆனா உண்மை அதுதான். அதுவும் இல்லாம, ஏற்கெனவே வாங்கினவங்களுக்கு ஒரு படத்தைக் காட்டிட்டு, பாதியில தகட்டை மாத்தறது..." வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளுக்கே அது எடுபடவில்லை போல.

முதல் அச்சைச் சுருட்டி அக்காவிடம் நீட்டினாள். "இதை நீங்க வச்சுக்கங்க."

அக்கா வாங்கவில்லை.

"எங்களுக்கு எதுக்கு? கேட் இருந்தது எங்களுக்குத் தெரியாதா? தெரியாதவன் வீட்டுல மாட்டு."

அதுவரை நீங்க வாங்க என்றிருந்தவள், அங்கேதான் ஒருமைக்கு இறங்கினாள்.

7

என்னிடம் இருக்கும் முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: அக்கா மறுநாள் துடைப்பக் கட்டையால் அலுவலகப் படத்தின் கண்ணாடியை உடைக்கிறாள். எழுதி அவளுக்கே படித்துக் காட்டினேன். "உடைச்சா யாருடா கூட்டுறது? நான்தான் கூட்டணும்," என்றாள். போயிற்று.

இரண்டு: தகட்டுக்காரி மனம் மாறி, தகட்டையே ஆலை வாசலில் வீசிவிட்டு வருகிறாள். இது அவளுக்கான முடிவு, எங்களுக்கானதல்ல. தவிர, வாடகையை யார் கட்டுவது?

மூன்று: அம்மா அலுவலகத்துக்குப் போய் அந்தப் படத்தின் முன்னால் நின்று இன்னொரு செரு—

வேண்டாம். அம்மா எறிய வேண்டியதை எறிந்துவிட்டாள். மறுபடி மறுபடி எறிய வைக்க அவளென்ன என் பொம்மையா?

நடந்தது இதுதான்.

தகட்டுக்காரி முதல் அச்சை மேசையில் போட்டாள். பிறகு அலமாரியிலிருந்து தகட்டை எடுத்தாள். கோபமாகத்தான் எடுத்தாள். எங்கள் மேலா, ஆலை மேலா, தன் மேலா, எனக்குத் தெரியாது. அடுப்பில் சூடாக்கினாள். கறுப்புப் பூச்சை உருளையால் பரப்பினாள். பழைய கோடுகள் எல்லாம் மூடிப்போயின. ஆறியதும் ஊசியை அக்காவின் கையில் கொடுத்து, முன்பு சுரண்டிய பள்ளத்தைக் காட்டினாள்.

"நீங்களே போடுங்க."

"எனக்கு வரையத் தெரியாது."

"கம்பிதானேக்கா. ஸ்கேல் வேணுமா?"

"எதுக்கு? அதையே லாரி இடிச்சுக் கோணையாத்தான் நின்னுச்சு."

அக்கா கீறினாள். தரையில் ஒட்டிக்கொண்ட அழுக்கைச் சுரண்டுவது போல, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஊசியை அழுத்தி அழுத்தி. ஒவ்வொரு கீறலிலும் கறுப்புக்கு அடியிலிருந்து செம்பு மின்னியது. கம்பிகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. சங்கிலியையும் போட்டாள். பூட்டையும் போட்டாள். பூட்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

"வேலை போயிரும் அக்கா. தெரியுமில்ல?" என்றேன்.

"துடைக்கத் தரையா இல்ல ஊருல?" என்றாள், நிமிராமல்.

தகட்டுக்காரி தகட்டை அமிலத்துக்குள் இறக்கினாள். கோடுகளின் மேல் வரிசையாகச் சின்னச் சின்னக் குமிழிகள் எழுந்தன. ஓர் இறகால் அவற்றைத் தள்ளிவிட்டாள். குமிழி நின்றால் அரிப்பு சீராக இருக்காதாம்.

"எப்ப எடுக்கணும்?" என்றாள் அக்கா.

"கொஞ்ச நேரத்துல எடுத்தா லேசா வரும். தூரத்துல ஒரு வேலி மாதிரி. பாக்கறதுக்கும் நல்லா இருக்கும். ஆலையிலயும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கவனிக்கவே மாட்டாங்க."

"விட்டா?"

"விட விட கறுக்கும்."

அப்போதுதான் ஜன்னல் திண்டில் அவளுடைய போன் அடித்தது. திரையில் ஆலையின் பெயர். போனைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். முதல் அச்சு மேசையில் சுருள் பிரிந்து கிடந்தது. அதையும் பார்த்தாள். பிறகு இறகை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

8

கதவுக்கு அந்தப்பக்கம் அவள் என்ன பேசுகிறாள் என்று எழுத என்னால் முடியும். முடியாது என்று சொல்லிவிடுகிறாள் என்று எழுதினால் உங்களுக்கு நிம்மதி. சரிங்க சார் என்கிறாள் என்று எழுதினால் நான் யதார்த்தவாதி. இரண்டையும் எழுதமாட்டேன். அவள் என்ன சொன்னாலும் இங்கே தட்டுக்குள் அமிலம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

தகட்டைத் தூக்கும் இடுக்கி சுவரில் ஆணியில் தொங்குகிறது. எட்டும் தூரத்தில்தான். நானும் அக்காவும் தொடுவதாக இல்லை. மிச்சம் இருப்பது நீங்கள். இந்தப் பக்கத்தை மூடுகிறீர்களே, அதுதான் தகட்டை வெளியே எடுப்பது. சீக்கிரம் மூடினால் தூரத்தில் ஒரு வேலி கிடைக்கும். மெல்லியதாக, உறுத்தாமல், எந்த வரவேற்பறைக்கும் பொருத்தமாக. அம்மாவின் கைக்கு மேலே பறவை பறவையாகவே இருக்கும்.

தட்டுக்குள் செம்பு கரைந்து நீலம் படர்கிறது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. படிக்கட்டில் அவள் குரல் இன்னும் ஓயவில்லை.

"எடுத்துரலாமா அக்கா?" என்று கேட்டேன், உங்களுக்காகத்தான்.

அக்கா இறகால் குமிழியைத் தள்ளினாள்.

"அவ பேசட்டும்டா. நல்லா பேசட்டும்."